ஐம்பதுக்கு மேல் ஓடத் தொடங்குகிறவர்களுக்கு

ஐம்பது வயதுக்கு மேல் ஓடப் போகிறேன் என்று வீட்டில் சொன்னால் முதலில் வரும் கேள்வி, "முட்டி தேஞ்சு போயிடாதா?" என்பதுதான். அக்கறையில் கேட்கிறார்கள். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடலாம்.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1984-ல் ஐம்பதைத் தாண்டிய ஓட்டக்காரர்கள் சில நூறு பேரையும், அதே வயதில் ஓடாதவர்கள் சில நூறு பேரையும் எடுத்துக்கொண்டு வருடக்கணக்கில் கவனித்தார்கள். 19 வருடம் கழித்துப் பார்த்தபோது ஓடாதவர்களில் 34 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். ஓடியவர்களில் அது 15 சதவீதம். நாற்காலியிலிருந்து எழுவது, நடப்பது, உடை மாற்றுவது போன்ற அன்றாட வேலைகளில் வரும் சிரமமும் ஓடியவர்களுக்குப் பல வருடம் தள்ளித்தான் வந்தது. முட்டித் தேய்மானம் அவர்களுக்கு அதிகமாக இல்லை. ஏற்கெனவே ஆரோக்கியமாக இருந்தவர்கள்தானே ஓட வந்திருப்பார்கள் என்று கேட்டால், நியாயமான கேள்விதான். ஆனாலும் ஓடினாலே முட்டி போய்விடும் என்ற பயத்துக்கு அதில் ஆதாரம் இல்லை. ஏற்கெனவே மூட்டுத் தேய்மானம் இருப்பவர்களும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்தவர்களும் மட்டும் எலும்பு மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

புதிதாக ஓட வருகிறவர்களை நிறுத்தி வைப்பது பெரும்பாலும் கெண்டைக்கால், குதிகால், பாதத்தின் அடிப்பகுதி. காரணம் எளிது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே ஓட்டத்துக்குப் பழகிவிடும். தசையை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாண்கள் பழக மாதக்கணக்காகும், வயது கூடக்கூட இன்னும் தாமதமாகும். இரண்டாவது மாதத்தில் "நல்லா மூச்சு வருதே, இன்னும் கொஞ்சம் ஓடலாமே" என்று தோன்றும். காலில் அடிபடுவது அந்த நேரத்தில்தான். கீழே நான் சொல்லும் அளவுகள், இடைவெளிகள், இலக்குகள் எல்லாமே மூச்சை வைத்துப் போட்டவை அல்ல, காலை வைத்துப் போட்டவை.

முதலில் மருத்துவர்

பிபி, சுகர், கொலஸ்ட்ரால், புகைப்பழக்கம், குடும்பத்தில் சிறு வயதில் மாரடைப்பு என்று ஏதாவது ஒன்று இருந்தாலும் சரி, இத்தனை வருடம் உடற்பயிற்சியே இல்லாமல் இருந்தாலும் சரி, மருத்துவரிடம் போய் "வாக்கிங் போகலாமா?" என்று கேட்காதீர்கள். போங்கள் என்றுதான் சொல்வார். "ஓடப் போகிறேன். ஆறு மாதத்தில் ஐந்து கிலோமீட்டர் ஓட வேண்டும்" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். அப்போதுதான் ஈசிஜி போதுமா, எக்கோவும் டிரெட்மில் டெஸ்ட்டும் வேண்டுமா என்று அவர் முடிவு செய்ய முடியும்.

சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் எடுத்துப் போங்கள். பிபிக்கு அட்டினலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு எவ்வளவு ஓடினாலும் இதயத் துடிப்பு ஓர் அளவுக்கு மேல் ஏறாது. அவர்கள் கைக்கடிகாரம் காட்டும் துடிப்பை நம்பி வேகத்தைக் கூட்டக் கூடாது. சுகருக்கு இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமிபிரைடு வகை மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஓடும்போது மட்டுமல்ல, ஓடி முடித்துப் பல மணி நேரம் கழித்தும் சர்க்கரை இறங்கலாம். கிளம்பும் முன் ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். 100-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுக் கொஞ்சம் பொறுத்துப் போங்கள். 250-க்கு மேல் இருந்தால் அன்றைக்கு ஓட்டம் வேண்டாம். பையில் குளுக்கோஸ் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும். கொலஸ்ட்ரால் மாத்திரை எடுப்பவர்களுக்குக் காரணமில்லாத தசை வலி தொடர்ந்து இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல் - இதில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நில்லுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். "வாயுவா இருக்கும்" என்று வீடு வரை நடந்து வர முயல வேண்டாம்.

ஷூ, உடை

செலவு செய்ய வேண்டிய ஒரே பொருள் ஷூ. ஓடுவதற்கென்று செய்த ஷூவாக இருக்க வேண்டும், கேன்வாஸ் ஷூவோ ஷட்டில் ஆடும் ஷூவோ வேண்டாம். சாயங்காலம் போய் வாங்குங்கள், நாள் முழுக்க நடந்து பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரம் அது. ஓடும்போது போடப்போகும் சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். கடைக்குள்ளேயே நாலு எட்டு ஓடிப் பாருங்கள். அப்போதே கடிக்கிற ஷூ "போடப் போடப் பழகிடும்" என்பது நடக்காது. விலை உயர்ந்ததுதான் நல்லது என்றும் இல்லை. 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் அடிப்பகுதி அமுங்கிவிடும். அப்புறம் அதை நடைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா ஷூவுக்கு இணையான தேவை. மேலே தளர்வான குர்த்தாவோ டி-ஷர்ட்டோ எது உங்களுக்குக் கூச்சமில்லாமல் இருக்கிறதோ அதைப் போடுங்கள். துப்பட்டா மட்டும் காலில் சிக்கும், வேண்டாம். மாதவிடாய் நின்ற பிறகு ஓடும்போது சிறுநீர் கசிவது பலருக்கும் இருக்கிறது. யாரும் வெளியே சொல்வதில்லை, பலர் ஓட்டத்தையே விட்டுவிடுகிறார்கள். இடுப்படித் தசைகளுக்கான பயிற்சியால் இது பெரும்பாலும் குறையும். மகப்பேறு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ தயங்காமல் கேளுங்கள்.

எங்கே, எப்போது

மண் தரை அல்லது தார்ச்சாலை. கான்கிரீட்டும் டைல்ஸ் பதித்த நடைபாதையும் கடைசிதான், மழை பெய்தால் டைல்ஸ் வழுக்கவும் செய்யும். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் தொடங்கிய "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் பாதையை அடையாளம் காட்டியிருக்கிறார்கள். உங்கள் ஊர்ப் பாதை பக்கத்தில் இருந்தால் தொடங்க நல்ல இடம். பள்ளி, கல்லூரி மைதானங்களில் காலையில் அனுமதிப்பார்கள் என்றால் அதைவிட நல்லது, போக்குவரத்துத் தொல்லையே இல்லை.

சாலையில் ஓடுவதானால் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி ஓடுங்கள். இருட்டில் வெளிர்நிற உடை. காதில் பாட்டு வேண்டாம். 89 வயதில் லண்டனில் தன் முதல் மாரத்தான் ஓடி, 2011-ல் நூறு வயதில் டொராண்டோ மாரத்தானையும் முடித்த ஃபௌஜா சிங், 2025 ஜூலையில் பஞ்சாபில் தன் ஊருக்குப் பக்கத்துச் சாலையில் வாகனம் மோதித்தான் இறந்தார். அவர் ஓடிய தூரங்களை நினைக்கும்போது அந்த முடிவு என்னை இன்னும் உறுத்துகிறது.

தெருநாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடையாக்குங்கள். ஓடினால் துரத்தும், நின்றால் பெரும்பாலும் குரைத்துவிட்டுப் போய்விடும்.

நேரம் காலை ஐந்திலிருந்து ஆறரைக்குள். சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் வெயில் வரும் முன்பே புழுக்கம் இருக்கும். வியர்வை காயாது, உடம்பு சீக்கிரம் சூடாகிவிடும். அங்கே ஓடுகிறவர் கோவைக்காரரின் வேகத்தோடு தன் வேகத்தை ஒப்பிடக் கூடாது.

முதல் நான்கு வாரம்: நடை

ஏற்கெனவே தினமும் அரை மணி நேரம் வேகமாக நடப்பவர்கள் இதைத் தாண்டிவிடலாம். மற்றவர்கள் வாரத்துக்கு ஐந்து நாள், அரை மணி நேரம், கை வீசி நடங்கள். பேச்சு வர வேண்டும், பாட்டு வரக் கூடாது. அந்த அளவு வேகம்.

அடுத்த பத்து வாரம்: ஓட்டமும் நடையும்

1996-ல் ஜாஷ் கிளார்க் என்ற அமெரிக்கர், ஐம்பதைத் தாண்டிய தன் அம்மா ஓடப் பழக வேண்டும் என்று ஒன்பது வாரத் திட்டம் ஒன்று போட்டார். இன்று உலகம் முழுக்கப் புதியவர்கள் ஓடத் தொடங்குவது பெரும்பாலும் அந்த முறையில்தான்: கொஞ்சம் ஓடு, கொஞ்சம் நட, வாரத்தில் மூன்று நாள். நம்மில் பலருக்கு ஒன்பது வாரம் போதாது என்பது என் அபிப்பிராயம். அதனால் ஒவ்வொரு படியிலும் இரண்டு வாரம் நிற்கும்படி மாற்றிச் சொல்கிறேன். செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த நாளில் ஓட்டம் வேண்டாம்.

ஒவ்வொரு நாளும் முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் நடை. நடுவில் இப்படி:

1, 2-ம் வாரம்: ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. எட்டு தடவை.
3, 4-ம் வாரம்: ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. பன்னிரண்டு தடவை.
5, 6-ம் வாரம்: இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. எட்டு தடவை.
7, 8-ம் வாரம்: மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. ஏழு தடவை.
9, 10-ம் வாரம்: ஐந்து நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. ஐந்து தடவை.

முதல் நாள் அந்த ஒரு நிமிடத்தை எப்படி ஓடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நடந்துகொண்டிருக்கும்போதே அடிகளைக் குட்டையாக்கி, சற்று வேகமாகத் தட்டி வைத்தால் அது தானாக ஓட்டமாக மாறும். காலை நீட்டி முன்னால் வைக்காதீர்கள், பாதம் இடுப்புக்கு நேர் கீழே விழ வேண்டும். காலடிச் சத்தம் கேட்டுப் பாருங்கள், தொப் தொப்பென்று விழுந்தால் அடி நீளமாகிவிட்டது என்று அர்த்தம். தோள் காதை நோக்கி ஏறியிருந்தால் இறக்கிவிடுங்கள், விரல்களை மடக்கி இறுக்க வேண்டாம். கூட ஓடுகிறவரிடம் "நேத்து மழையில உங்க தெருவுல கரண்ட் போச்சா?" என்று முழுதாக ஒரே மூச்சில் கேட்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். முடியவில்லை என்றால் இன்னும் மெதுவாக. பக்கத்தில் வேகமாக நடப்பவர் உங்களைத் தாண்டிப் போவார், போகட்டும். ஒரு கிலோமீட்டருக்கு ஒன்பது நிமிடம், பத்து நிமிடம் ஆனாலும் அது ஓட்டம்தான்.

நிமிடத்தைக் கணக்குப் பார்க்கக் கைபேசியில் அலாரச் செயலி போதும், விலை உயர்ந்த கடிகாரத்தை அப்புறம் யோசிக்கலாம்.

ஒரு வாரம் கடினமாக இருந்தால் அதே வாரத்தைத் திரும்பச் செய்யுங்கள். காய்ச்சலோ கல்யாண வீடோ வந்து இரண்டு வாரம் விட்டுப்போனால் ஒரு படி கீழே இறங்கித் தொடங்குங்கள். விட்டதைப் பிடிக்கிறேன் என்று கூட்டி ஓடுவதுதான் கூடாது. பத்தாவது வாரத்துக்கு அப்புறம் நடுவில் நடப்பதை நிறுத்தியே ஆக வேண்டும் என்று யாரும் சொன்னால் கேட்க வேண்டாம். 1972 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலவே, பல்லாயிரம் பேருக்கு ஓடி-நடக்கும் முறையிலேயே மாரத்தான் வரை பயிற்சி கொடுத்தவர்.

ஓடாத நாளில் கால் வலிமை

இதை யாரும் செய்வதில்லை. செய்கிறவர்கள் வருடக்கணக்கில் ஓடுகிறார்கள். வயதாக ஆகத் தசை குறைந்துகொண்டே வரும், வெறும் ஓட்டம் அதை முழுதாகத் தடுக்காது. உலக சுகாதார நிறுவனமும் வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சியோடு, இரண்டு நாள் தசை வலிமைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது.

ஜிம் தேவையில்லை. மாடிப்படியின் ஓரத்தில் பாதத்தின் முன்பாதி மட்டும் படியில் இருக்கும்படி நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு எண்ணும் நேரத்தில் குதிகாலைத் தூக்கி, ஒரு நொடி நிறுத்தி, நான்கு எண்ணியபடி மெதுவாக இறக்குங்கள். குதிகால் படிமட்டத்துக்குச் சற்றுக் கீழே போகலாம். பதினைந்து தடவை, மூன்று சுற்று. ஒரு மாதம் கழித்து ஒற்றைக் காலில் செய்யலாம். தசைநாணுக்குப் பலம் சேர்ப்பது அந்த மெதுவாக இறங்கும் பகுதிதான், அதை அவசரப்படுத்த வேண்டாம்.

அப்புறம் நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, பத்து தடவை, மூன்று சுற்று. பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது. அவ்வளவுதான், கால் மணி நேர வேலை.

எந்த வலி, என்ன வலி

இரண்டு தொடையிலும் அல்லது இரண்டு கெண்டைக்காலிலும் பரவலாக வரும் வலி, மறுநாள் காலை இருந்து அதற்கடுத்த நாள் குறைந்தால் கவலை வேண்டாம். ஒரே காலில், விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஓர் இடத்தில் வலிக்கிறது, ஓட ஓடக் கூடுகிறது, நொண்ட வைக்கிறது என்றால் நிறுத்துங்கள். காலை எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் சுரீரென்று குத்தினால் பாதத்தின் அடிச்சவ்வு தொந்தரவு செய்கிறது. சில நாள் ஓட்டத்தை விட்டுவிட்டு, வீட்டுக்குள்ளும் வெறுங்காலில் நடக்காமல், கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி செய்யுங்கள். இரண்டு வாரத்தில் குறையாத எந்த வலிக்கும் பிசியோதெரபிஸ்ட்தான், வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது கூடவே கூடாது.

தண்ணீர், சாப்பாடு

ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்குத் தாகத்துக்கு ஏற்ற தண்ணீர் போதும். ஓடி வந்ததும் நீர்மோரோ இளநீரோ குடியுங்கள். நீண்ட ஓட்டத்தில் வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு குறைந்துவிடும். இட்லி, சுண்டல், முட்டை, தயிர் என்று வழக்கமான சாப்பாட்டிலேயே புரதத்தைச் சற்றுக் கூட்டினால் போதும், டப்பாவில் விற்கும் பொடிகள் இந்த அளவு ஓட்டத்துக்குத் தேவையே இல்லை.

முதல் வருட இலக்கு

இலக்கு வைப்பதில் ஒரு வரிசை இருக்கிறது என்று நினைக்கிறேன்: முதலில் தவறாமை, அப்புறம் தூரம், வேகம் கடைசி. முதல் மூன்று மாதத்துக்கு "வாரத்தில் மூன்று நாள் ஷூ போட்டு வெளியே வந்தேன்" என்பது மட்டுமே இலக்கு. எவ்வளவு ஓடினீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள், அதை வைத்து உங்களை நீங்களே மதிப்பிட வேண்டாம்.

பொங்கல் முடிந்து தொடங்கினால் நம் ஊர் வானிலைக்கு ஒரு வருடத் திட்டம் அழகாகப் பொருந்தும். நடையும் ஓட்டமும் சேர்ந்த பதினான்கு வாரம் ஏப்ரல் கடைசியில் முடியும். அக்னி நட்சத்திரக் காலத்தில் எதையும் கூட்டாமல் அதே அளவில் வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் ஐந்து கிலோமீட்டரைத் தொடலாம். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை மட்டும் வாரத்துக்கு அரை கிலோமீட்டர் கூட்டுங்கள். மூன்று வாரம் கூட்டி, நான்காவது வாரம் குறைத்து ஓடுங்கள். கால் தேறுவது அந்தக் குறைந்த வாரத்தில்தான். செப்டம்பர், அக்டோபருக்குள் ஒன்பது, பத்து கிலோமீட்டர் வந்துவிடும். வடகிழக்குப் பருவமழையில் சில ஞாயிறுகள் போகும், அதற்கும் இடம் இருக்கிறது. சென்னை ரன்னர்ஸ் அமைப்பு நடத்தும் சென்னை மாரத்தான் ஜனவரி முதல் வாரத்தில் வருகிறது. 42.195 கிலோமீட்டர் முழு மாரத்தானோடு 32 கிலோமீட்டர், அரை மாரத்தான், பத்து கிலோமீட்டர் பிரிவுகளும் உண்டு. உங்களுக்குப் பத்து கிலோமீட்டர். கடிகாரமே வேண்டாம் என்பவர்களுக்குப் பிப்ரவரியில் ஆரோவில் மாரத்தான் இருக்கிறது. மரங்களுக்கு நடுவே மண் பாதை, நேரக் கணக்கும் இல்லை, பரிசும் இல்லை. முதல் பந்தயத்துக்கு அதைத்தான் நான் அதிகம் சிபாரிசு செய்வேன்.

பதிவு செய்யும்போது எத்தனை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற கட்-ஆஃபைப் பாருங்கள். பந்தயத்தன்று புது ஷூ, புது சாக்ஸ், புது சாப்பாடு எதுவும் வேண்டாம். நெஞ்சில் குத்தும் எண் அட்டையின் பின்புறத்தில் ரத்த வகை, சாப்பிடும் மாத்திரை, வீட்டார் எண் எல்லாம் எழுதுங்கள். முதல் இரண்டு கிலோமீட்டரைப் பயிற்சியில் ஓடுவதைவிட மெதுவாக ஓடுங்கள். கூட்டம் இழுத்துக்கொண்டு போகும், விட்டுவிடுங்கள்.

அதற்கப்புறம்

அரை மாரத்தான் இரண்டாவது வருடம். முழு மாரத்தான் மூன்றாவது வருடத்துக்கு முன்னால் வேண்டாம். அறுபதுக்கு மேல் தொடங்கியவர்களுக்கு அது தேவையே இல்லை என்றுகூடச் சொல்வேன். வருடம் முழுக்க அடிபடாமல் வாரம் இருபது கிலோமீட்டர் ஓடுகிறவர், ஒரு மாரத்தான் முடித்துவிட்டு ஆறு மாதம் படுத்திருப்பவரைவிட நன்றாக இருக்கிறார்.

போட்டி பிடிக்கும் என்றால், வயதில் மூத்தவர்களுக்கான மாஸ்டர்ஸ் தடகளப் போட்டிகள் மாவட்ட அளவிலிருந்தே நடக்கின்றன. ஐந்து ஐந்து வயதாகப் பிரித்து ஓடவிடுவார்கள். அதனால் அறுபதாவது பிறந்தநாள் வந்தால் புதுப் பிரிவில் நீங்கள்தான் இளையவர். சண்டிகரைச் சேர்ந்த மன் கௌர் 93 வயதில்தான் ஓடத் தொடங்கினார், 2017-ல் ஆக்லாந்து உலக மாஸ்டர்ஸ் விளையாட்டில் 101 வயதில் 100 மீட்டர் தங்கம் வாங்கினார்.

தூரமும் பதக்கமும் வேண்டாம், எழுபத்தைந்தில் யார் கையையும் பிடிக்காமல் மலைக்கோவில் படி ஏற வேண்டும், அவ்வளவுதான் என்கிறீர்களா? அதற்கும் அளவு வைக்கலாம். ஒவ்வொரு பிறந்தநாள் வாரத்திலும் மூன்றைச் சோதியுங்கள்: சுவருக்குப் பக்கத்தில் ஒற்றைக் காலில் எத்தனை நொடி நிற்க முடிகிறது, 30 நொடியில் கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எத்தனை தடவை எழ முடிகிறது, ஐந்து கிலோமீட்டரை நிதானமாக ஓடி-நடக்க எவ்வளவு நேரம் ஆகிறது. மூன்றையும் ஒரே நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். எது இறங்கியிருக்கிறதோ, அடுத்த வருடத் திட்டத்தை அதிலிருந்து தொடங்குங்கள்.